விளையாட்டில் பலத்த காயம்: உடம்பு தேறுகிற மாதங்களில் மனசைப் பார்த்துக்கொள்வது எப்படி

ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்றைக்கே உடம்புக்கு ஓர் அட்டவணை கிடைத்துவிடுகிறது. எத்தனை நாள் கட்டு, எத்தனை வாரம் ஊன்றுகோல், எப்போது தையல் பிரிப்பது, எப்போது ஓட ஆரம்பிக்கலாம், எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். மனசுக்கு அப்படியொரு தாளை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. முழங்கால் ஜவ்வு கிழிந்தவர்கள், குதிகால் தசைநாண் அறுந்தவர்கள், தோள் மூட்டு நழுவி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், எலும்பு முறிந்து பிளேட் வைத்தவர்கள் என்று மாதக்கணக்கில் ஆட்டத்தை விட்டு விலகியிருக்கப்போகிற எவருக்கும் அந்தத் தாளாகப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதியிருக்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடிபட்ட நாள்தான் இருப்பதிலேயே கஷ்டமான நாள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆட்கள், போன், விசாரிப்பு. நிஜமான கனம் மூன்றாவது மாதத்துக்கு மேல்தான் இறங்குகிறது. ஊன்றுகோல் போயிருக்கும், நடை நேராகியிருக்கும், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நீங்கள் குணமாகிவிட்டவர். ஆனால் ஓடிக்கொண்டே சட்டென்று திரும்ப முடியாது, குதிக்க முடியாது. விசாரிக்கவும் ஆள் குறைந்திருக்கும். ஆகவே தெம்பு, விடுப்பு, நண்பர்களின் உதவி எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே தீர்த்துவிடாமல் அந்த நடு மாதங்களுக்கென்று கொஞ்சம் மிச்சம் பிடித்து வையுங்கள்.

தலையில் அடிபட்டவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. எரிச்சல், காரணமில்லாத அழுகை, தூக்கக் கோளாறு, மந்தம் எல்லாம் உங்களுக்கு மூளைக் காயத்தின் அறிகுறியாகவே இருக்கலாம். மனசு சோர்ந்திருக்கிறது என்று நீங்களாக முடிவு செய்யாமல் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இது ஏன் இவ்வளவு ஆட்டிவைக்கிறது

வாரத்துக்கு ஆறு நாள் வியர்வை சிந்தப் பழகிய உடம்பு ஒரே நாளில் நின்றுபோகிறது. உடற்பயிற்சி மனசைச் சமநிலையில் வைத்திருந்தது, அது இல்லை. வலியால் தூக்கம் துண்டு துண்டாகிறது. ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் பலமான வலி மாத்திரைகளில் சில மந்தத்தையும் மலச்சிக்கலையும் கொண்டுவரும். காலையில் எழுந்ததும் இன்னது செய்ய வேண்டும் என்று இருந்த ஒழுங்கு கலைகிறது. தினமும் பார்த்த பத்துப் பதினைந்து முகங்கள் சட்டென்று காணாமல் போகின்றன. இத்தனையும் ஒரே வாரத்தில் பறிபோனால் யாருக்கும் மனசு இறங்கத்தான் செய்யும். இதில் உங்கள் மனோபலத்துக்குக் குறை ஒன்றும் இல்லை.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என யாராவது உங்களிடம் சொல்வார்கள். எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969-இல் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. காயம்பட்ட ஆட்டக்காரர்களுக்கு அதை அட்டவணையாக வைத்துக்கொள்ளாதீர்கள். உணர்ச்சிகள் வரிசையில் நின்று வருவதில்லை. காலையில் சிரித்துவிட்டுச் சாயங்காலம் அழுவது சாதாரணம். ஐந்தாவது மாதத்தில் திடீரென்று கோபம் பொங்கினால், போன இடத்திலிருந்து பின்னால் சறுக்கிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம்

டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அதிர்ச்சியில் இருக்கும்போது சொல்வதில் பாதி காதில் ஏறாது. கூட வருபவர் எழுதிக்கொள்ளட்டும். டாக்டர் சம்மதித்தால் போனில் பதிவு செய்துகொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எது கிழிந்திருக்கிறது அல்லது முறிந்திருக்கிறது? எது தானாக ஆறும், எது ஆறாது? எந்த வலி வரத்தான் செய்யும், எந்த வலிக்கு உடனே உங்களைக் கூப்பிட வேண்டும்? இன்றிலிருந்தே நான் செய்யக்கூடியது என்ன? அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பதை எதை அளந்து முடிவு செய்வீர்கள்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மாதக்கணக்கில் நிம்மதி கொடுப்பதும் அதுதான்.

இன்டர்நெட்டில் தேடுவதை ஒரு நாளைக்கு 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவில் தேடவே வேண்டாம். படித்ததில் பயமுறுத்தியதை ஒரு கேள்வியாக மாற்றி எழுதி வைத்து அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். பெயர் பெற்ற வீரர் ஒருவர் ஐந்து மாதத்தில் திரும்பினார் என்ற செய்தியில் அவர் காயத்தின் விவரம் இருக்காது. நாள் முழுக்கக் கூடவே இருந்த மருத்துவக் குழுவைப் பற்றியும் ஒரு வரி இருக்காது.

இரவுத் தூக்கம் எப்படிப் போனாலும் எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். பகல் முழுக்கக் கட்டிலிலேயே கிடந்தால் கட்டிலைப் பார்த்தாலே மனசு சோர்ந்துபோகும். டாக்டர் அனுமதித்தால் பகலுக்கு ஒரு நாற்காலி, இரவுக்குக் கட்டில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை நடு இரவில் வேகம் இழக்கிறது என்றால் நீங்களாக ஒன்று கூட்டிப் போடாமல், நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பலமான மாத்திரைகளை நிறுத்துவதும் டாக்டர் சொல்கிற முறைப்படிதான்.

மூச்சுப் பயிற்சியை முதல் வாரமே பழகிவிடலாம். நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம், காலையும் மாலையும். மூட்டை மடக்கும் பயிற்சிக்குச் சற்று முன்னால் செய்தால் பலன் கண்கூடு. பயத்தில் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்வதால் வலி கூடுகிறது. வெளிமூச்சை நீட்டும்போது அந்த இறுக்கம் தளர்கிறது.

இன்னும் மூன்று சின்ன விஷயம். விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிக் களைக்காதீர்கள். வீட்டில் ஒருவர் வாரம் ஒரு முறை எல்லோருக்கும் சேர்த்து ஒரு செய்தி அனுப்பட்டும். இந்த இரண்டு வாரத்தில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். ஆட்டத்தை விடுகிறேன் என்றோ, இன்ன தேதிக்குத் திரும்புவேன் என்றோ எங்கும் எழுதிப் போடாதீர்கள். வேலை, காப்பீடு, படிப்பு விடுப்பு சம்பந்தமான தாள்களை ஒரே பட்டியலாக்கி நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கட்டாத பில்லின் பயம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும்.

தொடை பேச்சைக் கேட்காத நாள்

முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களில் பலர் உடைந்துபோகிற இடம் இது. கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "துண்டை அழுத்துங்க, தொடையை இறுக்குங்க" என்பார் பிசியோ. நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவீர்கள். தொடை அசையாது. மூட்டுச் சில்லு இருந்த இடத்திலேயே இருக்கும். நேற்றுவரை நூறு கிலோவைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழுந்த கால் இன்று ஒரு துண்டை அழுத்த மாட்டேன் என்கிறது. கண்ணீர் வந்தால் வெட்கப்பட வேண்டாம்.

காரணம் வீக்கம். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி, தொடைத் தசையை அடக்கி வைக்கும்படி தண்டுவடத்துக்கும் மூளைக்கும் சொல்கிறது. அடிபட்ட மூட்டைக் காப்பாற்ற உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. முதலில் நல்ல காலை இறுக்கிப் பாருங்கள். அந்த உணர்வு ஆறுமுன் மற்றக் காலுக்கு வாருங்கள். கையைத் தொடைமேல் வைத்து, கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். ஐந்து விநாடி இறுக்கி விடுவது, ஒரு தடவைக்குப் பத்து, பிசியோ சொல்கிற தடவைகள். வீக்கத்தைக் குறைக்க அவர் சொல்லும் ஐஸ், கால் உயர்த்தல் இரண்டையும் விடாதீர்கள். ஒரு நாள் சில்லு ஓரிரு மில்லிமீட்டர் மேலே இழுபடும். அந்தத் தேதியை எழுதி வையுங்கள்.

நோட்டு

எழுதி வைப்பதற்கு ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் இரவு இரண்டு நிமிடம் போதும். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

33-ஆம் நாள்.
பயிற்சி: தொடை இறுக்கல் 60, கால் தூக்கல் 30, சைக்கிள் 8 நிமிடம்.
வலி: செய்யும்போது 4, இன்று காலை எழுந்தபோது 2.
வீக்கம்: நேற்றைப் போலவே.
தூக்கம்: ஆறரை மணி நேரம், ஒரு முறை விழிப்பு.
மனசு: பத்துக்கு 4.
இன்று முடிந்தது: கைப்பிடியைப் பிடிக்காமல் மூன்று படி ஏறினேன்.

கடைசி வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பத்தாவது வாரத்தில் "ஒரு மாற்றமும் இல்லை" என்று மனசு அடித்துச் சொல்லும். நான்காவது வாரப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அது பொய் என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். ஆனால் தினமும் பின்னால் புரட்டாதீர்கள். வாரம் ஒரு நாள் உட்கார்ந்து ஏழு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாள் எண் ஏறும், ஒரு நாள் இறங்கும். வாரம்தான் உண்மையைச் சொல்லும். மூன்று நாள் விட்டுப்போனால் விட்ட பக்கங்களை நிரப்ப முயலாமல் இன்றைய பக்கத்தை எழுதுங்கள். நிரப்ப உட்கார்ந்துதான் பலரும் நோட்டையே கைவிடுகிறார்கள்.

வலி எண்ணை வாசிக்க ஒரு கணக்கு உண்டு. 0 முதல் 2 வரை தாராளமாகத் தொடரலாம். 3 முதல் 5 வரை இருந்து, மறுநாள் காலைக்குள் வழக்கமான அளவுக்கு இறங்கிவிட்டால் அதுவும் சரிதான். 5-ஐத் தாண்டினாலோ, காலையில் வீக்கம் கூடியிருந்தாலோ அளவைக் குறைக்க வேண்டும். தசைநாண், மூட்டுக் காயங்களில் பரவலாகக் கையாளும் கணக்கு இது. ஓயாத பளுவால் எலும்பில் விரிசல் கண்டவர்களுக்கும் புதிதாகத் தைத்த தசைநாணுக்கும் இது பொருந்தாது, அங்கே வரம்பு மிகக் குறைவு. உங்கள் காயத்துக்கு வரம்பு எது என்பதைப் பிசியோவிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு சுருக் வலிக்கும் 'மறுபடி கிழிந்துவிட்டதோ' என்று நெஞ்சு அடித்துக்கொள்வதை இந்த ஒரு வரி பாதியாகக் குறைக்கும்.

இலக்கு: தேதியை விட்டு அளவைப் பிடியுங்கள்

"ஒன்பதாவது மாதம் மேட்ச் ஆடுவேன்" என்பது தேதி. "அடிபட்ட காலின் தொடை பலம் நல்ல காலில் 90 சதவீதம் வர வேண்டும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் அதே அளவு வர வேண்டும்" என்பது அளவு. தேதியைப் பிடித்துக்கொண்டவர், அது தள்ளிப்போகும்போது இடிந்துபோகிறார். தள்ளிப்போகாவிட்டால் ஆபத்து இன்னும் அதிகம், தயாராகாத காலோடு இறங்கிவிடுவார். முழங்கால் முன்ஜவ்வு ஆபரேஷன் ஆனவர்களைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்காலில் மறுபடி அடிபடும் வீதம் 51 சதவீதம் குறைந்தது. கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக உள்ளே வைத்த ஒட்டு, புது ரத்தக் குழாய்கள் ஊடுருவி உயிர் பிடிக்கிற தொடக்க மாதங்களில் வைத்தபோது இருந்ததைவிடப் பலவீனமாகிப் பிறகுதான் உறுதிப்படுகிறது. வெளியே வலி குறைந்து கால் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதும் அதே மாதங்களில்தான். தன் காலைத் தானே நம்பக்கூடாத காலம் அது.

இன்றைக்கென்று எழுதும் இலக்கு மூன்றுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையும் நேரமும் இருக்கட்டும். "பயிற்சி செய்ய வேண்டும்" என்று எழுதினால் சாயங்காலம் வரை இழுபடும். "காலை 7 மணி, கால் தூக்கல் 10, மூன்று சுற்று" என்று எழுதினால் நடக்கும். வாரக் கணக்கில் ஐந்தில் நான்கு பங்கு முடிந்தால் அதை நல்ல வாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்காரர்கள் குறைத்துச் செய்வது அபூர்வம். கூட்டிச் செய்துதான் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மடங்கு செய்தால் பாதி நாளில் குணமாகும் என்று மனசு சொல்லும். மறுநாள் மூட்டு வீங்கும், நான்கு நாள் போகும், அந்த நான்கு நாளில் மனசும் இரண்டு படி கீழே இறங்கும். ஓய்வையும் பயிற்சி மாதிரியே அட்டவணையில் எழுதி, செய்தபின் டிக் போடுங்கள். எடை ஏறிவிடும் என்று சாப்பாட்டைக் குறைக்கிற பழக்கமும் இங்கேதான் தொடங்குகிறது. புண் ஆறவும் தசை வளரவும் புரதமும் போதுமான சாப்பாடும் வேண்டும். பட்டினி கிடந்தால் குணமாவது தள்ளிப்போகும்.

நடு மாதங்கள்

முதல் ஆறு வாரத்தில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். மடங்காத கால் 90 டிகிரி மடங்கும், ஊன்றுகோல் ஒன்றாகும், பிறகு அதுவும் போகும். அதற்கப்புறம் வருவதெல்லாம் பலம். அது சதவீதம் சதவீதமாக ஏறும், கண்ணாடியில் தெரியாது. அதே அறை, அதே ரப்பர் பட்டை, அதே 15 முறை. அலுப்பு தட்டுவது நியாயம்தான். ஒவ்வொரு பயிற்சிக்கும் அதே வேலையைச் செய்கிற மாற்று ஒன்றைப் பிசியோவிடம் கேட்டு வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வேறு இடத்தில், வேறு ஆளோடு செய்யுங்கள். அடிபடாத பக்கத்தையும் விடாதீர்கள். நல்ல காலுக்கோ கைக்கோ பலப் பயிற்சி கொடுத்தால், நரம்பு வழியாக அடிபட்ட பக்கத்துக்கும் ஓரளவு பலன் போய்ச் சேர்கிறது. அதைவிட, ஒரு மணி நேரம் நீங்கள் நோயாளியாக இல்லாமல் ஆட்டக்காரராக இருக்கிறீர்கள்.

டீமோடு எப்படி இருப்பது? முழுக்க விலகினால் தனிமை தின்றுவிடும். தினமும் போய் ஓரத்தில் சும்மா உட்கார்ந்தால் நெஞ்சு எரியும். வாரம் ஒன்று அல்லது இரண்டு நாள், ஒரு மணி நேரம், கையில் ஒரு வேலையோடு போங்கள். கோச்சிடம் கேட்டு வாங்குகிற வேலை நிஜமானதாக இருக்கட்டும்: பாஸ் கணக்கு எழுதுவது, வீடியோ பார்த்துக் குறிப்பு எடுப்பது, சின்னப் பையன்களுக்கு ஒரு திறமையைச் சொல்லிக் கொடுப்பது. உங்கள் இடத்தில் ஆடுகிறவர் நன்றாக ஆடும்போது வயிறு எரிந்தால் அதற்காக உங்களை வெறுக்காதீர்கள். அவர் மேல் பிரியமும் இருக்கும், பொறாமையும் இருக்கும், இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேற வேண்டாம்; சத்தத்தை அடக்கி வைத்து, உங்களுக்குத் தோதான நேரத்தில் பாருங்கள்.

"எப்போ திரும்ப ஆடப் போறே?" இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். "தேதி இன்னும் முடிவாகலை. இந்த மாசம் ஒத்தக்கால்ல உட்கார்ந்து எழுந்திருக்கறதைச் சரி பண்ணிட்டிருக்கேன்." தேதி ஒன்று சொல்லிவிட்டால் அது கடனாகிவிடும், கேட்பவர்களெல்லாம் கடன்காரர்களாகிவிடுவார்கள்.

ஒரு தாளில் 'நான்' என்று தொடங்கிப் பத்து வரி எழுதிப் பாருங்கள். பத்தில் எட்டு ஆட்டத்தைப் பற்றியே இருந்தால், இந்தக் காயம் ஏன் உயிரையே பிடுங்கியது போல் வலிக்கிறது என்று புரியும். ஆட்டத்தின் மேல் உள்ள பிடிப்பைத் தளர்த்தச் சொல்லவில்லை. மீதி இரண்டு வரிக்கு நேரம் ஒதுக்கச் சொல்கிறோம். ஒரு மொழி, ஒரு வாத்தியம், நின்றுபோன படிப்பு, எதுவானாலும் வாரத்துக்கு மூன்று மணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் முன்னேறுவது தெரிய வேண்டும், வேறு மனிதர்களும் இருக்க வேண்டும். போனைப் புரட்டுவது இந்தக் கணக்கில் வராது.

இந்த மாதங்களில் ஆட்டத்துக்கு மிக அருகில் உங்களைக் கொண்டுபோவது மனக்காட்சிப் பயிற்சி. பத்து நிமிடம் போதும். முதலில் இரண்டு நிமிடம் மூச்சு. பிறகு, முடிந்தால் ஜெர்ஸி போட்டு, பந்தையோ மட்டையையோ கையில் பிடித்து நின்றபடி, ஒரே ஒரு அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். டிவியில் பார்ப்பதுபோல் வெளியிலிருந்து பார்க்காமல் உங்கள் கண் வழியாகவே பாருங்கள். காலடியில் தரை, பந்து படும் சத்தம், மூச்சு வாங்குவது எல்லாம் இருக்கட்டும். நிஜத்தில் இரண்டு விநாடி ஆகிற அசைவு மனசிலும் இரண்டு விநாடியே ஆக வேண்டும். பலருக்குக் காட்சியின் நடுவே மறுபடி விழுவதுபோல் வந்துவிடும். அங்கேயே நிறுத்தி, காட்சியைப் பின்னால் ஓட்டி, பாதி வேகத்தில், அதைவிட எளிய அசைவிலிருந்து தொடங்குங்கள். முன்ஜவ்வு ஆபரேஷன் ஆனவர்களை வைத்து 2001-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், தளர்வுப் பயிற்சியும் மனக்காட்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 24-ஆவது வாரத்தில் முழங்கால் பலம் கூடுதலாகவும், மறுபடி அடிபடும் என்ற பதற்றமும் வலியும் குறைவாகவும் இருந்தன.

பின்னடைவு ஒன்றாவது வரும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, தெளிந்த மனசோடு இருக்கும்போதே ஒரு சீட்டு எழுதி நோட்டில் ஒட்டுங்கள். "வீங்கினால்: 48 மணி நேரம் காலுக்குப் பளுவைப் பாதியாக்கு. பிசியோவுக்குப் போன் செய். கை, வயிற்றுப் பயிற்சியைத் தொடர். இணையத்தில் தேடாதே. பிசியோ பார்க்கும்வரை முடிவு கட்டாதே." பதறும் நேரத்தில் யோசிக்க வராது, படிக்க மட்டும்தான் வரும். பெரிய பின்னடைவுகளும் உண்டு. பிரேசிலின் ரொனால்டோ 1999 நவம்பரில் முழங்கால் தசைநாண் காயத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, 2000 ஏப்ரலில் களத்துக்கு வந்த சில நிமிடங்களில் அதே முழங்காலின் தசைநாண் முழுசாக அறுந்து விழுந்தார். மறுபடி ஒரு வருஷத்துக்கும் மேல் வெளியே. 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்தார், இறுதிப் போட்டியின் இரண்டு கோலும் அவருடையவை. எல்லோருக்கும் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது விழுகையே முடிவு என்றும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் அவரைச் சொன்னோம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"பரவாயில்ல, சீக்கிரம் சரியாயிடும்" என்று சொன்னதும் பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது. "இன்னிக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள், பிறகு சும்மா இருந்து காது கொடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதைவிட "செவ்வாயும் வெள்ளியும் பிசியோகிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்" என்பது பெரிய உதவி. அடிபட்டது உங்கள் பிள்ளையானால், தவறிப்போன போட்டிகளை அவன் காதுபட எண்ணாதீர்கள். உங்கள் முகத்தில் தெரியும் ஏமாற்றத்தை அவன் தன் குற்றமாக எழுதிக்கொள்வான். டாக்டர் பேசும்போது அவனையும் உட்கார வைத்து அவனையே கேள்வி கேட்கவிடுங்கள்.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், மனசு இறங்கியே இருக்கிறது, பிடித்ததிலும் ருசி இல்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன என்றால் காத்திருக்க வேண்டாம். 'என்ன பிரயோஜனம்' என்று பிசியோ அமர்வுகளைத் தவிர்க்கத் தொடங்குவது, தூங்குவதற்காகக் குடிப்பது அல்லது வலி இல்லாதபோதும் வலி மாத்திரை போடுவது, அடிபட்ட காட்சி ஒரு மாதம் கழித்தும் கனவிலும் பகலிலும் திரும்பத் திரும்ப வருவது, இவையும் அதே கணக்குதான். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இன்றே, இப்போதே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்; அவசரப் பிரிவுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடமோ பிசியோவிடமோ சொன்னால் போதும், வழி காட்டுவார்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் நோட்டைத் திறந்து மனசு எண்களைக் காட்டுங்கள். மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால், நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் வலி மாத்திரைகளின் பெயர்களைக் கட்டாயம் சொல்லுங்கள். டிராமடால் போன்ற சில வலி மாத்திரைகள் சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம். ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட போட்டிகளில் ஆடுகிறவர் என்றால் அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

திரும்பும்போது வரும் பயம்

முன்ஜவ்வு ஆபரேஷன் ஆனவர்கள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த கணக்கின்படி, ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம், போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம். மூட்டு தேறியும் திரும்பாதவர்கள் சொல்லும் காரணங்களில் முன்னால் நிற்பது மறுபடி அடிபடும் என்ற பயம். ஆகவே பலத்தை அளப்பதுபோலப் பயத்தையும் அளக்க வேண்டும். முன்ஜவ்வு (ஆங்கிலத்தில் ஏ.சி.எல்.) ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதற்கென்றே ஏ.சி.எல்.-ஆர்.எஸ்.ஐ. என்று 12 கேள்விகள் கொண்ட தாள் 2008 முதல் இருக்கிறது. உங்கள் பிசியோவிடம் கேளுங்கள்.

பயம் சில சமயம் சரியான தகவலும்தான். பலச் சோதனையில் தேறாத கால் பயந்தால் அதன் பேச்சைக் கேட்க வேண்டும். தேறிய பிறகும் நிற்கிற பயத்துக்குத்தான் ஏணி. எதற்குப் பயம் என்பதை ஒரே அசைவாகச் சுருக்குங்கள். வலைக்கு அருகே எம்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவது என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்படி, சின்னப் பெட்டியிலிருந்து இரண்டு காலில் இறங்குவது. பிறகு நின்ற இடத்தில் குதித்து இறங்குவது, ஓடிவந்து குதிப்பது, ஒற்றைக் காலில் இறங்குவது, பந்தோடு இறங்குவது, எதிரே ஆள் நிற்க இறங்குவது, யாராவது லேசாகத் தோளில் இடிக்க இறங்குவது, கடைசியில் பயிற்சி ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் பயத்துக்கு 0 முதல் 10 வரை எண் போடுங்கள். எண் 3 அல்லது அதற்குக் கீழே வந்து, அடுத்தடுத்த இரண்டு நாளும் அப்படியே இருந்து, காலையில் வீக்கமும் இல்லாவிட்டால் மேல்படி.

தவறு நடப்பது பெரும்பாலும் நிறுத்துகிற இடத்தில். பயம் உச்சத்தில் இருக்கும்போது மைதானத்தை விட்டு வந்துவிட்டால், தப்பித்ததுதான் மனசில் பதியும். ஒரு படி கீழே இறங்கி, அதை நான்கு முறை சுத்தமாகச் செய்துவிட்டு வெளியே வாருங்கள். களைத்த காலோடு புதுப் படி ஏறவும் வேண்டாம்.

எல்லாம் செய்தும் சிலர் திரும்ப வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். அதில் தோல்வி இல்லை. வலி கூடிய நாளில் எடுக்காமல், சிகிச்சை முடிந்து, ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை கேட்டும் அதே பதில் வந்தால் அதை மதியுங்கள். பலப் பயிற்சியை மட்டும் விடவேண்டாம், படியேற அந்தக் கால் இன்னும் பல வருஷம் வேண்டும்.

திரும்புகிறவர்கள் முதல் மேட்சுக்கு முன்பே எத்தனை நிமிடம் என்பதைக் கோச்சோடு பேசி முடித்துவிடுங்கள். 15 நிமிடம் என்றால் 15-தான். ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது உங்களையும் கேட்கக்கூடாது, அவரையும் கேட்கக்கூடாது. அன்றைக்கு ஸ்கோரை எண்ணாமல், தயங்காமல் இறங்கியது எத்தனை முறை என்று மட்டும் எண்ணுங்கள். ராத்திரி எதிர்பாராத ஒரு வெறுமை வரலாம். ஒன்பது மாதம் இழுத்துக்கொண்டிருந்த கயிறு திடீரென்று தளர்வதால் வருவது அது. இரண்டு மூன்று நாளில் போகும். மறுநாள் காலை எழுந்ததும் மூட்டைத் தொட்டுப் பாருங்கள். வீக்கமும் சூடும் இல்லையென்றால் நோட்டை எடுத்து, வழக்கமான ஆறு வரியை எழுதிவிட்டு, அடுத்த மேட்சுக்கு 20 நிமிடம் கேளுங்கள்.